நாளுக்கு நாலு முடி

ஜூலை 3, புதன்

இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஜனவரியில் கொடுத்த டைரி. ஆறு மாதமாக அரிசி டின் மூடியின் மேல் பாரமாகக் கிடந்தது. டின் மூடி உடைந்து புது டின் வாங்கிவிட்டதால் டைரிக்கு வேலை போயிற்று. சும்மா இருப்பானேன் என்று எழுதத் தொடங்குகிறேன்.

காலையில் பார்லர் திறந்ததும் முதல் ஆளாகத் தாரணி வந்தாள். காந்திமதியின் மகள். பல் டாக்டருக்குப் படித்து முடித்துக் கல்லூரி ஆஸ்பத்திரியிலேயே பயிற்சியில் இருக்கிறாள். ஆகஸ்ட் முப்பது கல்யாணம். மே மாதம் நிச்சயதார்த்தத்துக்கு முதல் தடவை ஜெல் நகம் போட்டுவிட்டேன். இன்றோடு மூன்றாவது தடவை. நகம் நீளமாக இருந்தால் அங்கே திட்டுவார்களாம், அதனால் அவள் நகத்தின் மேலேயே பூசச் சொல்வாள். “கையுறைக்குள்ள யாரு ஆன்ட்டி பாக்கப் போறா” என்று சிரிப்பாள்.

எதிரே ஏசி சலூன் வந்த பிறகு, போன தீபாவளிக்கு நானும் இந்த ஜெல் வேலையை மொபைலில் பார்த்துப் படித்துக்கொண்டேன். ஐம்பத்தோரு வயதில் படித்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட. ஒன்றும் கஷ்டமில்லை. ஜெல்லைப் பூசி, நீல வெளிச்சம் அடிக்கும் சின்னப் பெட்டிக்குள் விரலை நீட்டினால் ஒரு நிமிஷத்தில் கல்லாக இறுகிவிடும். என் பெட்டியில் நாலு பல்ப் எரிவதில்லை. அதனால் இருபது விநாடி கூடுதலாக வைப்பேன். ஓரத்தில் வழிவதை என் விரல் நுனியாலேயே துடைத்துவிடுவேன். கையுறை எனக்கு ஒத்துவராது. புருவத்துக்கு நூல் பிடித்த கை, தொட்டால்தான் வேலை ஓடும்.

தாரணியின் மோதிர விரலில் மட்டும் ஓரம் பிசுபிசுப்பாகவே இருந்தது. துடைத்து அனுப்பினேன்.

ஜூலை 6, சனி

விரல் நுனியெல்லாம் அரிப்பு. பாத்திரம் தேய்க்கும் சோப்பை மாற்றியதிலிருந்துதான். இவரிடம் சொன்னேன். இவர் என்றால் என் வீட்டுக்காரர் ஞானராஜ், ரிட்டயர் ஆன பஸ் கண்டக்டர். “நீ புருவத்தப் பாரு, பாத்திரத்த நான் பாக்கேன்” என்று ஸ்க்ரப்பரைப் பிடுங்கிக்கொண்டார். முப்பது வருஷம் லேட்டாக வந்த பஸ். வந்த வரைக்கும் சந்தோஷம்.

ஜூலை 9, செவ்வாய்

நெத்திலி ஆய்ந்தேன். கை எரிந்தது. இன்று மீனின் தப்பு.

ஜூலை 12, வெள்ளி

வலது கட்டை விரல் நகத்தடி சிவந்து வீங்கியிருக்கிறது. நகச்சுத்திதான், வேறென்ன. சின்ன வயதில் எங்கள் வீட்டில் யாருக்கு நகச்சுத்தி வந்தாலும் அம்மா ஒரு எலுமிச்சம்பழத்தில் ஓட்டை போட்டு விரலில் சொருகிவிடுவாள். என் அண்ணன் அந்தப் பழத்தோடேயே பள்ளிக்கூடம் போய், கையைத் தூக்கி “சார்” என்று நிற்பான். வகுப்பே சிரிக்கும். மறுநாள் சரியாகிவிடும்.

நானும் சொருகினேன். அம்மாடி, உயிர் போய் வந்தது. இவர் ஓடிவந்து பழத்தைப் பிடுங்கி எறிந்தார். விரலை ஊதிக்கொண்டே, “தோலு வெடிச்சிருக்கு, இதுல போயா எலுமிச்ச? டாக்டர்ட்ட போவமா?” என்றார். நகச்சுத்திக்கு டாக்டரிடம் போனால் ஊர் சிரிக்கும் என்றேன்.

அம்மா கை வைத்தால் கேட்கும், நான் வைத்தால் கேட்கவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டேன். அம்மா ஞாபகமாகவே இருந்தது.

ஜூலை 17, புதன். ஆடி ஒன்று

ஆடியில் முகூர்த்தம் கிடையாது. பார்லரில் ஈ ஓட்டுகிறேன். பழைய ஆல்பத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

தொண்ணூற்று நாலில் மதுரையில் மூன்று மாதக் கோர்ஸ். நூல் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மேடம், ஆறு வாரம் ஆகும்வரை யார் முகத்தையும் தொட விடமாட்டார். எங்கள் கால் முடியில்தான் பழக வேண்டும். நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்து, மீதியை இரண்டு கையிலும் முறுக்கிப் பிடித்து, கால் முடியை ஒவ்வொன்றாகப் பிடுங்குவோம். கோர்ஸ் முடியும்போது பதினோரு பேருக்கும் கால் சோளக்கதிர் உரித்த மாதிரி இருந்தது. “கண்ண மூடிட்டுச் செய்ங்கடி” என்பார் மேடம். “முடி வேரோட வருதா, தோலைக் கடிக்குதா, நூலு விரல்ல சொல்லும். அத யாரும் உங்களுக்கு வாயால சொல்ல முடியாது.” உண்மைதான். விரலுக்குள் ஒரு சின்னத் துடிப்பு வரும். நூல் பேசும் என்போம்.

தொண்ணூற்று ஐந்தில் பாளையங்கோட்டையில் இந்தக் கடை. மூன்று வருஷம் கழித்து என் முதல் கல்யாணப் பெண் காந்திமதி. இருபத்து மூன்று வயது. இரண்டு புருவமும் நடுவில் கைகோர்த்து நிற்கும். “எமிலியக்கா, கல்யாணத்துக்குள்ள இத ஒதுக்கணும். ஆனா வீட்டுல யாருக்கும் தெரியக் கூடாது” என்றாள். அவள் வீட்டில் ஒரு அத்தை இருந்தார், அப்பாவின் அக்கா. புருவத்தில் கை வைத்தால் புருஷனுக்கு ஆகாது என்று சட்டமே போட்டிருந்தார். ஒரே நாளில் எடுத்தால் மாட்டிக்கொள்வோம். நான்தான் யோசனை சொன்னேன். நாளுக்கு நாலு முடி. அந்தப் பக்கம் இரண்டு, இந்தப் பக்கம் இரண்டு.

தையல் கிளாஸ் போகிற வழியில் தினமும் வருவாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவாள். “வலிச்சா சொல்லு” என்பேன். “வலிக்கல, நாலு ஆயிட்டா” என்பாள். இருபத்தாறு நாள் வந்தாள். புருவம் விலகியது ஒருவருக்கும் தெரியவில்லை. முகூர்த்தத்தன்று மணவறையில் அத்தை அவள் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “கல்யாணக் களை வந்துட்டு பிள்ளைக்கு, முகமே தெளிஞ்சிட்டு” என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். காந்திமதி என்னைப் பார்த்தாள். நான் தூணுக்குப் பின்னால் போய் முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தேன்.

அந்தப் படம் ஆல்பத்தில் இருக்கிறது. அத்தை கை, காந்திமதி தாடை. அன்றைக்கு என் விரலுக்கு இருந்த சந்தோஷம் அப்புறம் எத்தனையோ மணப்பெண்களுக்குச் செய்தும் வரவில்லை.

பக்கத்தைப் புரட்டும்போது பிளாஸ்டிக் உறை விரலில் படுவதே தெரியவில்லை. விரல்களை முகத்தில் தேய்த்துப் பார்த்தேன். மரக்கட்டை மாதிரி. ஆடிக் காற்று, வறட்சி.

ஜூலை 24, புதன்

ரேஷன் கடை. மிஷினில் கட்டை விரலை வைத்தேன், ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், ஏற்கவில்லை. பத்து விரலும் வைத்தாயிற்று. ரேஷன் கடைத் தம்பி தலையைச் சொறிந்தான்.

“எக்கா, இது நீங்க இல்லன்னு சொல்லுது.”

“பின்ன யாருன்னு கேளு” என்றேன். வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன். அவன் என் விரலைத் திருப்பிப் பார்த்தான். “ரேகையே இல்லியேக்கா. தோலு உரிஞ்சுபோயி வழுவழுன்னு இருக்கு.”

கடைசியில் இவர் விரலை வைத்துத்தான் சீனி கிடைத்தது. வரும் வழியில் இவர் கேலியே செய்யவில்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜூலை 29, திங்கள்

எழுதலாமா வேண்டாமா என்று பார்த்தேன். எழுதிவிடுகிறேன்.

பகவதி டீச்சர் வந்தார். எழுபது வயது, இருபது வருஷமாக மாதம் ஒரு தடவை என் நாற்காலிதான். நூலைக் கடித்துப் பிடித்தேன். இரண்டு இழுப்புதான். டீச்சர் “ஸ்” என்றார். புருவத்துக்குக் கீழே ரத்தம் பொட்டாக வந்து நின்றது. தோலைக் கடித்திருக்கிறது நூல். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. நூல் பேசவில்லை.

“பரவால்லம்மா, வயசான தோலு” என்றார் டீச்சர். என் மேல் தப்பு வராமல் அவரே எடுத்துக்கொண்டார். பவுடர் போட்டுக்கொண்டு எழுந்தவர், ஒரு பக்கம் எடுத்து ஒரு பக்கம் எடுக்காத புருவத்தோடு குடையை விரித்துக்கொண்டு போனார். வெயில்கூட இல்லை.

இமை இரண்டும் வேறு அரிக்கிறது. ஊரெல்லாம் மெட்ராஸ் ஐ என்கிறார்கள்.

ஜூலை 31, புதன்

தாரணிக்கு ஜெல் போட்டேன்.

ஆகஸ்ட் 1, வியாழன்

நேற்று ஒரே வரியில் எழுதி மூடிவிட்டேன். நடந்தது இதுதான். அவள் விரல்களைப் பெட்டிக்கு முன்னால் நீட்டியபோது நகத்தைச் சுற்றிச் சின்னச் சின்னக் கொப்புளமாகச் சிவந்திருந்தது. “அரிக்குது ஆன்ட்டி. ஆஸ்பத்திரில புதுக் கையுறை வாங்கிருக்காங்க, அதான் போல” என்றாள். நான் “அதாத்தான் இருக்கும்” என்றேன்.

அவள் கையைப் பிடித்திருந்த என் கட்டை விரலிலும் அதே சிவப்பு.

போட்டு அனுப்பினேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

இவர் ஆட்டோவைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து வாசலில் நின்றார். கண்டக்டர் குரலில், “ஏறும்மா, வண்டி கெளம்புது” என்றார். தோல் டாக்டர் ஷமீமா. சின்ன வயதுதான், பேச்சு நிதானம். நான் சோப்பு, மீன், ஆடிக் காற்று, எலுமிச்சை எல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “என்ன வேலை பாக்கீங்க” என்று கேட்டார். புருவம், ஃபேஷியல், தலைமுடி என்று வரிசையாகச் சொன்னேன். இவர்தான் பின்னாலிருந்து, “ஜெல்லு நகம், அத விட்டுட்டியே” என்றார்.

முதுகில் வரிசையாக மருந்துப் பொட்டுகளை ஒட்டி அனுப்பினார். இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாதாம். ஒவ்வொரு பொட்டிலும் ஒரு சாமான், எது உடம்புக்கு ஆகவில்லையோ அந்த இடம் சிவக்கும் என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்

நேற்றுப் பொட்டுகளை எடுத்தாயிற்று. நாளைதான் முழு முடிவு.

மத்தியானம் காந்திமதி போன் செய்தாள். தாரணிக்குக் கண்ணிமை வீங்கியிருக்கிறதாம், கல்யாணம் வேறு நெருங்குகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள். மெட்ராஸ் ஐயாக இருக்கும், பன்னீர் விடு என்றேன்.

போனை வைத்த பிறகு கண்ணாடியில் என் இமையைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

முதுகில் ஒரே ஒரு கட்டம்தான், நெருப்புப் பட்ட மாதிரி கொப்பளித்திருந்ததாம். ஜெல்லுக்குள் இருக்கும் பசைச் சாமான். சரியாக இறுகாமல் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒரு நாள் உடம்பு அதை எதிரியாக முடிவு கட்டிவிடுமாம், அப்புறம் ஆயுசுக்கும் ஒத்துக்கொள்ளாதாம். ஜெல் பட்ட கையால் கண்ணைத் தொட்டால் இமையும் வீங்குமாம். சாதாரணக் கையுறையையும் தாண்டி உள்ளே போய்விடுமாம். எரியாத பல்புகளைப் பற்றி நானாகத்தான் சொன்னேன். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“விரல் மரத்துப்போனது சரியாகுமா?” என்று கேட்டேன்.

“ஜெல்லத் தொடாம இருந்தா மெல்லத் திரும்பி வரலாம். மாசக் கணக்காகும். முழுசா வரும்னு என்னால உறுதி சொல்ல முடியாதும்மா.” பிறகு சொன்னார், “இதே குடும்பத்துச் சாமான்தான் பல் அடைக்கிற பசையிலயும், மூட்டு ஆபரேஷன் சிமெண்ட்லயும் இருக்கு. நாளைக்கு உங்களுக்கு அதெல்லாம் செய்யும்போது முதல்லயே சொல்லிறணும். உங்ககிட்ட போட்டுக்கிட்ட யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?”

பல் அடைக்கிற பசை என்றதும் தாரணி நீட்டிய விரல்கள்தான் கண் முன்னால் வந்தன.

“இல்ல டாக்டர்” என்றேன்.

ஆகஸ்ட் 10, சனி

பார்லர் திறக்கவில்லை.

இருபத்தொன்பது வருஷத்தில் என் கையால் ஒரு முகத்துக்கும் கெடுதல் வந்ததில்லை என்று சொல்லிக்கொண்டே வாழ்ந்தவள் நான். கடைக்குப் போர்டு வைத்ததில்லை, அந்தப் பேச்சுதான் போர்டு. இதை வெளியே சொன்னால் அந்தப் பேச்சு போய்விடும். சொல்லாவிட்டால் கல்யாணத்துக்கு முந்தின நாள் அந்தப் பிள்ளை மறுபடி வந்து விரலை நீட்டும். நான் முடியாது என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். சாக்குச் சொன்னால் எதிர்க் கடைக்குப் போகும். அப்புறம் ஆஸ்பத்திரியில் தினமும் அந்தப் பசையோடுதான் அதற்குப் பிழைப்பு. ஐந்து வருஷம் படித்த படிப்பு.

எனக்கு ஜூலையிலேயே தெரியும். இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். சோப்பு, மீன், காற்று. எழுதினவள் பெரிய கள்ளி.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கோயிலில் பிரசங்கம் என்னவென்று கேட்டால் தெரியாது. ஆராதனை முடிந்ததும் நேரே காந்திமதி வீட்டுக்குப் போனேன். ஹால் முழுக்கப் பத்திரிகைகள், ஓரத்தில் மஞ்சள் தடவிக் காய வைத்திருந்தாள். “வாங்கக்கா, உங்களுக்குத்தான் முதப் பத்திரிக” என்றாள். தாரணி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு சோபாவில் இருந்தாள்.

உட்கார்ந்தால் சொல்ல வராது என்று நின்றுகொண்டே சொன்னேன்.

“காந்தி, இது மெட்ராஸ் ஐ இல்ல. நான் போட்ட ஜெல்லு.” பத்து விரலையும் விரித்துக் காட்டினேன்.

காந்திமதிக்குப் புரியவில்லை. தாரணிக்குப் புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினாள். “ஆன்ட்டி, நாங்க பல்லடைக்கிற பசையும் அதானே” என்றாள். குரல் அவள் அம்மாவின் இருபத்து மூன்று வயதுக் குரல். ஆமாம் என்றேன். பெட்டியில் எரியாத பல்பையும் சொன்னேன்.

“எப்பத்துலருந்து தெரியும் உங்களுக்கு?” காந்திமதி கேட்டாள்.

“வெள்ளிக்கிழம டாக்டர் சொன்னாங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “ஆனா போன தடவ இவ கையப் பிடிக்கும்போதே தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன்.”

அவள் கொஞ்ச நேரம் என் விரல்களையே பார்த்தாள். “உங்கள நம்பித்தானக்கா பிள்ளைய விட்டேன்” என்றாள். சத்தம் போடவில்லை. மடியிலிருந்த பத்திரிகைகளை அடுக்கிவிட்டு உள்ளே போனாள். திரும்பி வரவில்லை.

டாக்டர் ஷமீமாவின் சீட்டையும், ஜெல் பாட்டிலையும் தாரணியிடம் கொடுத்தேன். நாளைக்கே போகச் சொன்னேன். இருபத்தாறு வருஷத்தில் அந்த வீட்டிலிருந்து நான் காப்பி குடிக்காமல் திரும்பியது இன்றுதான். பத்திரிகையும் கொடுக்கவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இதுவரை ஜெல் போட்ட பதினாறு பேருக்கும் போன் செய்தேன். மூன்று பேர் அரிப்பு இருக்கிறது என்றார்கள், டாக்டரிடம் போகச் சொன்னேன். ஒருத்தி கேட்கக் கூடாததெல்லாம் கேட்டாள். கேட்டுக்கொண்டேன். விளக்குப் பெட்டியை இவர் கட்டிப் பரணில் போட்டுவிட்டார்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

தாரணி போன் செய்தாள். “முதுகுல ஒரு கட்டம் லேசா செவந்திருக்கு ஆன்ட்டி. உங்களுக்கு வந்த மாதிரி கொப்பளிக்கல. இப்பவே நிறுத்துனது நல்லதுன்னாங்க. இன்னும் ரெண்டு மூணு தடவ போட்டிருந்தா வேலையையே மாத்த வேண்டியிருக்குமாம். இனி பசைய நேரா தொடாம, தனிக் கையுறையோட பாத்துக்கிட்டா வேலையில இருக்கலாம்னு சொல்லிருக்காங்க.”

போனைக் காதில் வைத்தபடியே அழுதுகொண்டிருந்தேன். “ஆன்ட்டி, லைன்ல இருக்கீங்களா” என்று கேட்டாள்.

அம்மாவைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஆவணி பிறந்துவிட்டது. தெருவெல்லாம் பந்தல். என் நாற்காலி காலி. பழக்கத்தில் நூலை எடுத்து என் காலில் போட்டுப் பார்த்தேன். இந்த வயதில் காலில் முடியும் இல்லை, விரலில் உணர்வும் இல்லை. நல்ல ஜோடி.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

பதினோரு மணி இருக்கும். கடையைப் பூட்டிவிட்டுப் போகலாம் என்று சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன். காந்திமதி வந்தாள். கையில் பத்திரிகை. மேஜையில் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து தலையைச் சாய்த்தாள்.

“என்ன காந்தி?”

“புருவத்துல நரைச்சிட்டு. பிள்ள கல்யாணத்துக்கு இப்படியே நிக்க முடியுமா?”

“எனக்கு விரல்ல உணர்வில்ல காந்தி. டீச்சருக்குக் கிழிச்சிட்டேன். எதுத்த கடைக்குப் போ.”

கண்ணைத் திறக்காமலேயே இருந்தாள். “உங்க மேல கோவம் இன்னும் போகலக்கா. போகுமான்னும் தெரியல. ஆனா அன்னைக்கு நீங்க வந்து சொல்லாம இருந்திருக்கலாம். வந்து சொன்னீங்க. கல்யாணத்துக்கு இன்னும் பத்து நாள் இருக்கு. நாளுக்கு நாலு முடி எடுங்க. உங்களுக்குத் தெரியலன்னா தோலைக் கடிக்குதா முடியப் பிடிக்குதான்னு நான் சொல்லுதேன்.”

நூலைப் பல்லில் கடித்தேன். குனிந்து பார்த்தேன், இருபத்து மூன்று வயதில் கைகோர்த்து நின்ற புருவம், நடுவில் இப்போது வெள்ளையாக ஒன்றிரண்டு நீட்டிக்கொண்டிருந்தது.

“தோலு” என்றாள். விட்டேன். தள்ளிப் பிடித்தேன். “இப்ப சரி.” இழுத்தேன். வந்தது. அந்தப் பக்கம் இரண்டு. இந்தப் பக்கம் ஒன்று. நாலாவது முடிக்கு வெகுநேரம் ஆயிற்று. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“வலிச்சா சொல்லு காந்தி.”

“வலிக்கல. நாலு ஆயிட்டா?”

ஆயிற்று என்றேன். எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டு, நாளை இதே நேரம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனாள்.